பேச்சுக்குள் சனம் இருக்கிறதா

செப்டெம்பர் பிறந்தால் போதும், ஐ.நா. பொதுச்சபையில் எந்தத் தலைவர் எந்த வல்லரசுக்கு முகத்துக்கு நேரே என்ன சொன்னார் என்று வட்ஸ்அப்பில் துண்டு வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும். அனுப்புகிறவர்களில் அரைவாசிப் பேர் என்னிடம் படித்தவர்கள், இப்போது கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். "ரீச்சர், கட்டாயம் பாருங்கோ" என்று ஒரு வரி போட்டிருக்கும். பார்ப்பேன். துண்டோடு நிற்காமல் முழுப் பேச்சையும் தேடி எடுத்து, விளங்காத இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டும் பார்ப்பேன். முல்லைத்தீவில் விசுவமடுப் பக்கத்தில் தமிழ் படிப்பிக்கிறேன், தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறேன், அதனால் பேச்சு என்றால் எனக்கு ஆசை. ஆசை மட்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு நாட்டின் முழுப் படைபலமும் ஒரு துண்டு நிலத்தின் மேல் இறங்கினால் கீழே என்ன நடக்கும் என்று தெரிந்த ஊர் இது. வெளியில் யாராவது எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கிடந்த ஊர்.

அதனால் இப்படியான பேச்சுகளில் நான் முதலில் ஒன்றைத்தான் தேடுவேன். அதற்குள் சனம் இருக்கிறதா? குண்டு விழுகிற இடத்தில் இருக்கிற சனம், ஊர்ப் பெயரோடு, வயதோடு, செத்த விதத்தோடு இருக்கிறதா? இறைமை, ஏகாதிபத்தியம், சர்வதேசச் சட்டம் எல்லாம் வேண்டிய சொற்கள்தான், அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சனம் இல்லாமல் அந்தச் சொற்கள் மட்டும் தனியாக வந்தால் எனக்குப் பயம் பிடிக்கும். ஏன் பயம் என்று பிறகு சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த பேச்சிலிருந்து தொடங்குகிறேன். 2006 செப்டெம்பர் 20ஆம் திகதி, வெனிசுவேலா ஜனாதிபதி ஹியூகோ சாவேஸ் ஐ.நா. மேடையில் ஏறினார். முதல்நாள் அதே மேடையில் புஷ் பேசிவிட்டுப் போயிருந்தார். "நேற்று இங்கே சாத்தான் வந்தது, இன்னும் கந்தக நாற்றம் அடிக்கிறது" என்று சொல்லி, சாவேஸ் சிலுவை அடையாளமும் போட்டார். மண்டபத்தில் சிரிப்பு, கைதட்டல். அப்போது வள்ளிபுனத்தில் செஞ்சோலை என்ற பிள்ளைகள் இல்லத்து வளாகத்தின் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்து ஐந்து கிழமைதான் ஆகியிருந்தது. ஓகஸ்ட் 14. அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு, செத்தவர்கள் பாடசாலை மாணவிகள் என்றது யுனிசெப். அந்த மனநிலையில் இருந்த எங்களுக்கு, உலகத்திலேயே பெரிய படை வைத்திருக்கிறவரை ஒருத்தர் அப்படிக் கேட்டது இனித்தது. அதை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சில் இன்று யாருக்காவது ஞாபகம் இருப்பது கந்தகம் மட்டும்தான். இது கேலிச்சித்திரக் கதை மாதிரியான பேச்சு, இதற்கெல்லாம் பதில் இல்லை என்று அமெரிக்கத் தூதர் தட்டிவிட்டுப் போனார்.

அதே சாவேஸ் 2001 ஒக்டோபரில் செய்த ஒரு காரியத்தை அவ்வளவாக யாரும் பகிர்வதில்லை. ஆப்கானிஸ்தான் மேல் அமெரிக்கா குண்டு போடத் தொடங்கி மூன்று நான்கு கிழமைதான். தொலைக்காட்சியில் வந்து, அங்கே செத்துக் கிடந்த பிள்ளைகளின் படங்களைக் கையில் தூக்கிக் காட்டி, பயங்கரவாதத்தைப் பயங்கரவாதத்தால் எதிர்க்க முடியாது என்றார். அதற்கு அமெரிக்கா தன் தூதரை ஆலோசனைக்கென்று திருப்பி அழைத்தது. சாத்தான் என்று திட்டியதைத் தட்டிவிட்டவர்களுக்குப் படங்களைத் தட்டிவிட முடியவில்லை. எது எங்கே சுட்டிருக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

என்னைக் கேட்டால், இந்த வகையில் ஆகச் சிறந்த பேச்சுக்கு மேடையே இருக்கவில்லை. 1972 டிசம்பர் 23, நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர், சுவீடன் பிரதமர் ஒலோஃப் பால்மே வானொலிக்கு ஒரு சின்ன அறிக்கை வாசித்தார். அந்த 18ஆம் திகதியில் இருந்து அமெரிக்காவின் பி-52 விமானங்கள் ஹனோய் மேலும் ஹைபோங் மேலும் இரவிரவாகக் கொட்டிக்கொண்டிருந்தன. 22ஆம் திகதி ஹனோயில் பாக் மாய் வைத்தியசாலை அடிபட்டது. வட வியட்நாமைப் பேச்சுவார்த்தை மேசைக்குத் திரும்பக் கொண்டுவரத்தான் இதெல்லாம் என்பது வாஷிங்டனின் விளக்கம். பால்மே சொன்னதன் சாரம் இதுதான்: நடப்பதை அதன் சரியான பெயரால் சொல்ல வேண்டும், வியட்நாமில் இப்போது நடப்பது ஒரு வகைச் சித்திரவதை, ஒரு தேசத்தை அவமானப்படுத்திப் பணிய வைப்பதற்காக மனிதர்களை வதைக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் பெயர்களை அடுக்கினார். குவெர்னிக்கா, ஒரதூர், பாபி யார், காட்டின், லிடிட்சே, ஷார்ப்வில், ட்ரெப்லிங்கா. இந்த இடங்களில் வன்முறை வென்றது, ஆனால் பின்னால் வந்த தலைமுறைகள் அதைச் செய்தவர்களைக் கடுமையாகத் தீர்ப்பிட்டன, இப்போது இந்த வரிசையில் இன்னொரு பெயர் சேர்கிறது, ஹனோய், நத்தார் 1972. அவ்வளவுதான். இரண்டு மூன்று நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலானவை நாசிகள் கொன்ற இடங்கள். அமெரிக்கா எதிர்த்துப் போரிட்ட அதே நாசிகளின் பெயரோடு அமெரிக்காவைக் கொண்டுபோய் வைத்ததுதான் நிக்சனுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நடுவில் காட்டின் இருக்கிறது. போலந்து அதிகாரிகளை சோவியத் படை கொன்று புதைத்த இடம், 1972இல் மொஸ்கோ அதை ஒத்துக்கொள்ளவே இல்லை, 1990இல்தான் ஒத்துக்கொண்டது. ஷார்ப்வில் தென்னாபிரிக்க வெள்ளை அரசின் பொலிஸ் சுட்ட இடம். ஆக எந்த முகாமும் தன்னுடையதென்று தூக்கிக்கொண்டு போக முடியாத பட்டியல் அது. கொன்றவன் எந்தக் கட்சி என்று பார்த்து ஊர்களைத் தெரிவு செய்யவில்லை. பத்து வரிக்குள் இதைச் செய்ய அந்த மனிதர் எவ்வளவு யோசித்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பேன். விளைவும் வந்தது. சுவீடனின் புதுத் தூதரை அனுப்ப வேண்டாம் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது, ஒரு வருடத்துக்கு மேல் உறவு உறைந்து கிடந்தது. (சுவீடனும் ஆயுதம் விற்ற நாடுதான். 1986 பெப்ரவரி 28இல் பால்மேயைச் சுட்டுக் கொன்றார்கள், அடுத்த மாதமே போஃபோர்ஸ் பீரங்கிகளுக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. இதையும் தெரிந்துகொண்டுதான் அந்த அறிக்கையை வாசிக்க வேண்டும்.)

அதை வாசிக்கும்போது என் வாய் தானாகவே பட்டியலை நீட்டிக்கொண்டு போகும். சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். எல்லாமே நான் நினைத்தால் இன்றைக்கே பஸ் ஏறிப் போய்வரக்கூடிய இடங்கள்.

சரி, பயத்துக்கு வருகிறேன். 2009 மே 27. சண்டை முடிந்து பத்து நாள் கூட ஆகவில்லை, நாங்கள் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் தறப்பாள் கொட்டில்களில் கிடந்தோம். ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவை எங்களைப் பற்றி விசேட அமர்வு நடத்தியது. நிறைவேறியது இலங்கை அரசு தானே கொண்டுபோன தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. விசாரணை என்று அதில் ஒரு சொல் இல்லை, இறைமையும் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமையும் இருந்தன. கை தூக்கியவர்களைப் பாருங்கள்: கியூபா, பொலிவியா, நிகரகுவா, தென்னாபிரிக்கா, இந்தியா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான். அமெரிக்காவின் போர்களை எதிர்த்து ஐ.நா.வில் ஆக உரத்துப் பேசிய நாடுகள் பல அதற்குள் இருந்தன. நாங்கள் சின்ன வயதில் படம் வெட்டி ஒட்டி வைத்த கியூபா! எதிர்த்து வாக்களித்த பன்னிரண்டில் பிரித்தானியாவும் இருந்தது, ஆறு வருடத்துக்கு முன்னர் ஈராக்குக்குள் படையோடு போன அதே பிரித்தானியா. யாரைப் பார்த்து நன்றி சொல்வது, யாரைப் பார்த்துக் கோபிப்பது?

பெரிய நாடு சின்ன நாட்டின் மேல் கை வைக்கக் கூடாது என்று பேசுகிறவர்களுக்கு, அந்தச் சின்ன நாடு தன் எல்லைக்குள் தன் சனத்தின் மேல் என்ன செய்கிறது என்பது கண்ணில் படாமல் போய்விடலாம் என்று நான் அந்த முகாமுக்குள் இருந்துதான் படித்தேன். அன்றிலிருந்து, சனம் இல்லாத இறைமைப் பேச்சைக் கேட்டால் யாரோ ஒரு அரசு தன் படைக்குக் குடை பிடிக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கொழும்பு அந்தப் போரை மனிதாபிமான நடவடிக்கை என்றது. 40,000 வரை பொதுமக்கள் செத்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. தப்பிப் போக வெளிக்கிட்ட சனத்தைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை எழுதியது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தலைமைகளின் வீரப் பேச்சுகளிலும் சனம் இல்லாமல் போன காலம் இருந்தது. இதைச் சொன்னால் இங்கே சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் வாசிகசாலைக்கு ஒரு ஐயா வருவார். பழைய இடதுசாரி, சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர். இந்த வாக்கெடுப்பைப் பற்றி அவரோடு நான் கதைத்து முடித்ததே இல்லை.

"பிள்ளை, கியூபாக்காரனுக்கு எங்களைத் தெரியாது. அவனுக்கு அமெரிக்காவைத்தான் தெரியும்" என்பார்.

"தெரியாட்டில் கையைத் தூக்காமல் இருந்திருக்கலாம்தானே ஐயா."

"அதுவும் சரிதான்" என்று பேப்பரை மடிப்பார். பிறகு வேறு எங்காவது போவார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாத நேரம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மகன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வயர் கொடுத்து இரவில் பிபிசி தமிழோசை கேட்ட கதையை ஒருநாள் சொன்னார். பொடியன் களைத்துப் போனால் குரல் இறங்கிக்கொண்டே போகுமாம், "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவாராம். வளைகுடா, பொஸ்னியா, செச்சினியா என்று உலகச் சண்டை எல்லாம் அந்தச் சில்லுச் சுற்றலில்தான் அவருக்கு வந்து சேர்ந்தது. எந்தத் தலைவர் என்ன சொன்னார் என்று அவருக்கு இன்றைக்கும் பாடம். கேட்டுக்கொண்டு இருந்தது மட்டும் வேறொன்று: வன்னி என்று யாராவது சொல்கிறார்களா.

அவருக்கு சிறிமாவோ அம்மையாரின் 1971ஆம் ஆண்டுப் பேச்சில் பெரிய மதிப்பு. நியாயமும் இருக்கிறது. அந்த ஒக்டோபரில் அவர் ஐ.நா.வுக்குப் போய், வல்லரசுகளின் படைத்தளமும் அணுவாயுதமும் இல்லாத அமைதி வலயமாக இந்து சமுத்திரத்தை அறிவியுங்கள் என்று கேட்டார், டிசம்பர் 16ஆம் திகதி பொதுச்சபை அதைத் தீர்மானமாக்கியது. எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை, அமெரிக்கா போன்ற வல்லரசுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. ஒரு சின்னத் தீவின் பிரதமர், ஒரு பெண், பனிப்போர் நடுவில் கடல் முழுவதற்கும் சேர்த்துப் பேசியது லேசான விடயம் இல்லை. ஆனால் அதே வருடம் ஏப்ரலில்தான் அவருடைய அரசு தெற்கில் கிளர்ச்சி செய்த சிங்கள இளைஞர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது, அதற்கு ஆயுத உதவி அமெரிக்காவிடமிருந்தும் வந்தது, சோவியத்திடமிருந்தும் வந்தது. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படைத்தளப் பிரச்சினையின் நடுவில், இதே கடலில் சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியாகோ கார்சியா இருந்தது. அங்கே அமெரிக்கா தளம் கட்டுவதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் தீவுகளின் முழுச் சனத்தையும் பிரித்தானியா கப்பலில் ஏற்றி மொரீசியசிலும் சீஷெல்சிலும் இறக்கியது, அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்துப் புகையடித்துக் கொன்றார்கள். அமைதி வலயத் தீர்மானத்தில் அந்தச் சனத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. கடல் இருந்தது, தளம் இருந்தது, ஆட்கள் இல்லை.

பேச்சுக்கு ஒரு விலை கொடுத்தார்களா என்பதையும் பார்ப்பேன். நியூசிலாந்துப் பிரதமர் டேவிட் லாங்கி 1985 மார்ச் 1ஆம் திகதி ஒக்ஸ்போர்டில் அணுவாயுதத்துக்கு ஒழுக்க நியாயமே கிடையாது என்று வாதாடினார். எதிர்த்தரப்பு மாணவன் ஒருவன் குறுக்கே நிற்க, "கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், நீங்கள் என் பக்கம் சாயும்போது அதில் யுரேனியம் மணக்கிறது" என்றார். அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னரே அமெரிக்கப் போர்க்கப்பலொன்றை அவருடைய அரசு துறைமுகத்துக்குள் விட மறுத்திருந்தது, அணுவாயுதம் இருக்கிறதா இல்லையா என்று அமெரிக்கா சொல்லாதாம். அடுத்த வருடம் அமெரிக்கா நியூசிலாந்துக்கான பாதுகாப்புப் பொறுப்பைக் கைவிட்டது, 1987இல் நியூசிலாந்து அதைச் சட்டமாகவே போட்டது. துறைமுகத்தை மூடிவிட்டுப் பேசியதால்தான் அந்தப் பகிடிக்குப் பாரம் இருந்தது. வல்லரசுக்குள்ளேயே இருந்து பேசியவர்களும் உண்டு. 2001 செப்டெம்பர் 14இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 420 பேர் போருக்கு அதிகாரம் கொடுக்க, பார்பரா லீ ஒரே ஒருத்தி எதிர்த்து வாக்களித்தார். அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. 2003 மார்ச் 17இல் ரொபின் குக் ஈராக் போரை ஏற்க முடியாது என்று அமைச்சர் பதவியை விட்டுவிட்டு வந்து பேசினார், பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள், அங்கே அது வழக்கமே இல்லை. மூன்று நாளில் போர் தொடங்கிவிட்டது. பேச்சால் குண்டை நிறுத்த முடியாமல் போகலாம், அது எனக்குத் தெரியும். ஆனால் பிறகு கணக்குக் கேட்கும்போது, தெரியாமல் செய்தோம் என்று ஒருவரும் சொல்ல முடியாது, அதே மண்டபத்தில் ஒருத்தர் சொன்னாரே என்று காட்டலாம்.

வல்லரசு என்றால் அமெரிக்கா மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பேச்சு. 2022 பெப்ரவரி 21, ரஷ்யா உக்ரேனுக்குள் போவதற்கு மூன்று நாள் முன்னர், பாதுகாப்புச் சபையில் கென்யாவின் தூதர் மார்ட்டின் கிமானி பேசியது. எங்கள் எல்லைகளை நாங்கள் போடவில்லை, லண்டனிலும் பாரிசிலும் லிஸ்பனிலும் போட்டார்கள், எங்கள் இனத்தவர் எல்லைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறார்கள், அதற்காக நாங்கள் போர் தொடுத்துக்கொண்டு போயிருந்தால் இன்றைக்கும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்றார். அதோடு நிற்காமல், இந்தச் சபையில் இருக்கிற மற்றப் பெரிய நாடுகளும் சர்வதேசச் சட்டத்தை மீறித்தான் வருகிறீர்கள் என்றும் சொல்லி முடித்தார். சத்தம் போடவில்லை. பால்மேயின் பட்டியலில் காட்டின் இருந்த மாதிரி இதிலும் யாரையும் தப்பவிடவில்லை.

2025 செப்டெம்பரில் வந்த வீடியோக்களில் கொலம்பிய ஜனாதிபதி குஸ்தாவோ பெத்ரோ நிறைய வந்தார். கரிபியன் கடலில் அமெரிக்கா குண்டு போட்ட படகுகளில் செத்தவர்கள் ஏழைப் பொடியன்கள் என்று பொதுச்சபையில் சொன்னார். பிறகு நியூயோர்க் தெருவில் ஒலிபெருக்கியோடு நின்று, ட்ரம்பின் கட்டளைக்குப் பணியாதீர்கள் என்று அமெரிக்கச் சிப்பாய்களிடம் சொன்னார், விசாவைப் பறித்துவிட்டார்கள். இரண்டில் எது பெரிய பேச்சு என்று கேட்டால் நான் படகைப் பற்றியதைத்தான் சொல்வேன். ஒலிபெருக்கி வீடியோ எனக்குப் பத்துப் பேரிடமிருந்து வந்தது, படகைப் பற்றியதை நானே தேடி எடுத்தேன்.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மாணவி ஒருத்தி. காசாவைப் பற்றிப் பேச்சு எழுதிக்கொண்டு வந்தாள். "இரத்தம் குடிக்கும் வல்லரசுகளே, வரலாறு உங்களை மன்னிக்காது" என்று தொடக்கம், அதே சத்தத்தில் மூன்று பக்கம். நல்ல குரல் அவளுக்கு, அப்படியே பேசினால் பரிசும் கிடைக்கும்.

"காசாவில ஒரு ஊர்ப் பேர் சொல்லு பாப்பம்" என்றேன்.

"ரஃபா, ரீச்சர்."

"அங்க சனம் என்ன சாப்பிடுது? எங்க படுக்குது?"

தெரியாது. தேடிப் பார், வீட்டில் அம்மம்மாவையும் கேள் என்று அனுப்பினேன். இரண்டாம் முறை எழுதி வந்ததில் 2024 பெப்ரவரி 29 இருந்தது. காசா நகரில் மா லொறிக்குக் கூடிய சனத்தில் நூற்றுக்கு மேல் செத்த நாள். அதற்குப் பக்கத்தில், வலைஞர்மடத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தன் அம்மம்மாவை வைத்திருந்தாள். பங்கருக்கு மேல் அடுக்குவதற்கு உரப்பை கிடைக்காமல் அம்மம்மா தன் கூறைச் சேலையை வெட்டி மண்மூட்டை தைத்தது, ஊசி உடைந்து போக ஈர்க்கால் குத்திக் கட்டியது, எல்லாம் இருந்தது. அடைமொழி எல்லாம் போய்விட்டது. "புள்ளி குறையுமோ ரீச்சர், அலங்காரம் ஒன்றும் இல்லை" என்று கேட்டாள். குறையலாம். நடுவர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இப்படியே பேசு என்று சொல்லியிருக்கிறேன், நடுவர்களோடு கதைக்க வேண்டி வந்தால் நான் கதைக்கிறேன்.

எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். ஜெனிவாவுக்குப் போகிறீர்கள், மே 18இல் முள்ளிவாய்க்காலில் பேசுகிறீர்கள், எங்கள் சனத்தின் பெயர் சொல்கிறீர்கள், நல்லது. 2025 மே மாதம் பிரித்தானியாவும் மொரீசியசும் சாகோஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, டியாகோ கார்சியா தளத்தை 99 வருடத்துக்குக் குத்தகைக்கு வைத்துக்கொள்ள அதில் ஏற்பாடு இருக்கிறது, துரத்தப்பட்ட சனத்தில் பலர் எங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்கிறார்கள். எங்களுக்குத் தெற்கே, இதே கடலில். கொழும்பில் உங்களுக்கு ஒரு ஒலிவாங்கி இருக்கிறது, ஹன்சார்டில் பதிவாகும். ஒருநாள் எழுந்து நின்று டியாகோ கார்சியா, பெரோஸ் பான்யோஸ், சலமோன் என்று அந்தத் தீவுகளின் பெயரைச் சொல்லுங்கள், அந்தச் சனத்தை ஊருக்குப் போக விடச் சொல்லிக் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள்.